மீதி நாலு காப்பி

முன்னாள் படைவீரர் ஒருவரிடம் நான் பொய் சொன்னேன். அதை நம்பியதால் அவருக்கு வரவிருந்த வேலை போயிற்று. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள டி.ஜி.ஆர். வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகிறது. அப்படி ஒரு முகாமுக்கு நிறுவனத்தின் சார்பில் போனேன். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்து வெளியே வருகிறார்கள். பலருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பென்ஷன் மட்டும் போதாது. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

காலை ஏழு மணிக்கே பதிவு தொடங்கிவிட்டது. அடையாள அட்டையும் போட்டோ ஒட்டிய பயோடேட்டா ஐந்து காப்பியும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து காப்பி என்றால் ஐந்து ஸ்டால். ஒரு மனிதருக்கு அன்று ஐந்து வாய்ப்பு. இந்தக் கணக்கு எனக்கு வெகு பின்னால்தான் உறைத்தது.

என் பட்டியலில் செக்யூரிட்டி, டிரைவர் வேலைகளோடு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் இடம் ஒன்றும் இருந்தது. அதற்கு டிப்ளமோ வேண்டும் என்று உற்பத்திப் பிரிவின் தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அங்கேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டும் நான் போகவில்லை.

பதினொரு மணி வாக்கில் அவர் வந்தார். ஹவில்தார். ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் 24 வருஷம். லடாக் குளிரில் டீசல் கெட்டிப்பட்டு நின்றுபோன வண்டிகளை ஓடவைத்தவர். டிஸ்சார்ஜ் புக்கை இரண்டு கையாலும் நீட்டினார். ஒருவர் என்ன வேலை பார்த்தார், என்னென்ன பயிற்சி பெற்றார், நடத்தை எப்படி, எல்லாம் அதில் இருக்கும். நான் பக்கங்களைப் புரட்டினேன். படிக்கவில்லை.

“டிப்ளமோ இருக்கா?”

“பத்தாவதுதான் சார். ஆனா ஒர்க்‌ஷாப்புல என் கீழ பன்னெண்டு பேர் இருந்தாங்க.”

தொழில்நுட்பத் தகுதி கட்டாயமில்லாத ‘சி’ பிரிவுப் பணிகளுக்கு, பத்தாவது முடித்து 15 வருஷம் படையில் இருந்தவரை மத்திய அரசே பட்டதாரிக்கு இணையாக ஏற்கிறது. தனியார் நிறுவனத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் தலைவரிடம் வாதாட எனக்கு அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும். ஈ.எம்.இ. பயிற்சியையும் டிப்ளமோ பாடத்தையும் அருகருகே வைத்து, எது எதற்கு ஈடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கலாம். அந்தத் தலைவரையே முகாமுக்கு அழைத்துப் போயிருக்கலாம். ஓடாத ஒரு ஜெனரேட்டரைப் பற்றி அவர் இவரிடம் நாலு கேள்வி கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

அப்போதுதான் முகாமைப் பார்வையிட வந்த கர்னல் ஒருவர் எங்கள் ஸ்டாலில் நின்றார். கூடவே போட்டோ எடுப்பவர். “எப்படி, ஆள் கிடைச்சாங்களா?” என்று கேட்டார்.

எனக்குப் பெருமை ஏறிவிட்டது. “இவரை எடுத்துட்டோம் சார்,” என்றேன்.

ஹவில்தார் விறைத்து நின்றார். கர்னல் அவருக்குக் கை கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அவர்கள் நகர்ந்ததும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. குரலைத் தாழ்த்தி, “மேலே கேட்டுத்தான் சொல்லணும்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையிலிருந்த மரியாதையை விட மனசில்லை. “வேற எங்கேயும் போக வேண்டாம். திங்கட்கிழமை கூப்பிடறேன்,” என்றேன்.

அவர் மீதிக் காப்பிகளை ஃபைலில் வைத்துக் கட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை தலைவர் பயோடேட்டாவைத் திருப்பிக் கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “டிப்ளமோ இல்லையே.” நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதம் என் பதவி உயர்வு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஹவில்தார் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி அனுப்பினேன். மூன்று வாரத்தில் எட்டு முறை கூப்பிட்டார். எட்டு முறையும் போன் அடங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். அன்றே வேறு இடம் தேடியிருப்பார்.

ஒன்பதாவது அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வந்தது. அதனால் எடுத்தேன். அவர் மனைவியின் போனாம். குரலில் கோபம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். அது திரும்பி வரவில்லை. முகாமில் எங்களுக்கு அடுத்த ஸ்டால் ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனி. அவர்கள் தாமாகவே கூப்பிட்டுக் கேட்டபோது, வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி வந்துவிட்டாராம். மறுபடி போய்ப் பார்த்தபோது அந்த இடம் நிரம்பியிருந்தது.

“மீதி நாலு காப்பி அப்படியே இருக்கு சார். ஆபீஸர் முன்னாடி சொன்னீங்க, அதனால வேற யாருக்கும் குடுக்கல.”

படையில் அதிகாரி முன்னால் சொல்லப்பட்ட வார்த்தைக்கு என்ன எடை என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. கம்பெனியில் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். அது இரண்டாவது பொய்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: “நான் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சில சேர்ந்துட்டேன் சார். நைட் ட்யூட்டி. எனக்காக நீங்க அந்த போஸ்டைப் பிடிச்சு வெச்சிருப்பீங்களேன்னுதான் கூப்பிட்டேன். காத்திருக்க முடியல. மன்னிச்சுக்கோங்க.”

“பரவாயில்லைங்க,” என்றேன் நான்.

அந்த மாதமே எனக்குப் பதவி உயர்வு வந்தது. முகாமில் எடுத்த போட்டோ எங்கள் அலுவலக வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. அவர் எண் என் போனில் இருக்கிறது. இன்னும் நான் கூப்பிடவில்லை.