நாடாவில் மிச்சமிருந்த இடம்

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூரில் மாம்பழ வாசனைதான். கூழ் ஃபாக்டரிக்குப் போகும் லாரிகளை ஒட்டி நடந்தே ரெக்கார்டிங் கடைக்குப் போவோம், உங்களுக்கும் நினைவிருக்கும். உள்ளே நுழைந்தால் ஸ்பிரிட் நெடி. கடைக்கார அண்ணா பஞ்சை நனைத்து டேப் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். "என்ன தம்பி, இன்னைக்கும் இங்கிலீஷ் பாட்டுதானா?"

டீப் பர்ப்பிள் ராக் குழுவுக்கு எல்லா ஊரிலும் ஆள் இருந்தது. நமக்கு வாய்த்தது விஷ்போன் ஆஷ் குழுவின் 'ஆர்கஸ்'. 1972-ல் வந்த இசைத்தட்டு. 1985-ல் எரிந்துபோன மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில், பழசோடு பழசாக அண்ணா அள்ளிவந்தது. உறையில் தலைக்கவசமும் ஈட்டியுமாக, முதுகைக் காட்டி நிற்கும் வீரன். ஆண்டி பவல், டெட் டர்னர் இருவரின் கித்தார்களும் நாயன ஜோடி மாதிரி ஒட்டியே போகும்.

அறுபது நிமிஷ கேசட். தட்டின் ஒரு பக்கம் கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மிச்ச நாடாவைச் சும்மா விட அண்ணாவுக்கு மனசு வராது. 'த்ரோ டௌன் தி ஸ்வோர்ட்' ஓய்ந்ததும் 'இளைய நிலா'வைப் பதிகிறார். இங்கிலாந்துக் கித்தார் நின்ற இடத்தில் நம்ம சந்திரசேகரின் கித்தார் தொடங்குகிறது. யாரும் மேலே வேறெதையும் பதிந்துவிடாதபடி கேசட் முதுகிலுள்ள பல்லைப் பேனா முனையால் உடைத்துக் கையில் தருகிறார்.

திருப்பதியில் படித்த நாளில் அந்தக் கேசட் விடுதி அறை அறையாகச் சுற்றியது. விடியலில் எங்கிருந்தோ எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம், ராத்திரியில் யூரியா ஹீப் குழுவின் 'சாலிஸ்பரி'. 1971-ல் வந்த அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 16 நிமிஷம், 24 பேர் வாசிக்கும் இசைக்குழுவோடு. நடுவில் கரண்ட் போனால் பாட்டு இழுத்துக்கொண்டே நின்றுவிடும். கொசு கடித்தாலும் யாரும் எழுந்து போகமாட்டோம். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து போடுவோம்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஃபோனில் எல்லா ஆல்பமும் கிடைக்கிறது, இரைச்சலே இல்லாமல். 'ஆர்கஸ்' முடிந்ததும் காது 'இளைய நிலா'வுக்குக் காத்திருக்கிறது. ஃபோன் தானாக வேறேதோ ஒன்றைப் போடுகிறது.

யூரியா ஹீப்பில் ஆர்கன் வாசித்த கென் ஹென்ஸ்லி 2020-ல் போய்விட்டார். அவருடைய ஆர்கனைக் கேட்டறியாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'சாலிஸ்பரி'யைப் போட்டுக் கொடுங்கள். பித்தளை வாத்தியங்கள் ஓய்ந்து மிக் பாக்ஸின் கித்தார் நீளும் இடம்வரை பொறுமையாகக் கேட்கச் சொல்லுங்கள். நடுவில் தள்ளிவிட்டால் அந்தப் பாட்டு பிடிபடாது.