கடல் புரட்டிய இன்ஜின்

கொழும்பு போனா, கோட்டை ஸ்டேஷன்ல கொஞ்சம் காதைத் தீட்டிட்டு நில்லுங்க பாஸ்! 1954-ல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய எம்-2 டீசல் இன்ஜின்களோட உறுமல் கேட்கும். 12 சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 1,425 குதிரைத்திறன்... தாத்தா வயசுலயும் உழைப்பு!

ரயில் பைத்தியங்களான நாங்க மூணு பேர் தேடிப் போனது, 591-ஐ. பேரு மானிடோபா. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு, பெரலியவில் சுனாமி புரட்டிப்போட்ட ரயிலை இழுத்து வந்தது இதுதான். ஆயிரத்துக்கும் மேல உயிர்கள் போச்சு. இன்ஜினை மீட்டு, ரிப்பேர் பண்ணி, மறுபடி ஓட்டினாங்க.

நான் நாகப்பட்டினத்துக்காரன். அதே நாள்ல கடல் கொண்டுபோன சித்தப்பாவை எனக்கு போட்டோவிலதான் தெரியும்.

591 வந்து நின்னுச்சு. கேமராவைத் தூக்கினேன்; க்ளிக் பண்ணத் தோணலை. கிளம்பும்போது கையசைச்சேன். டிரைவர் ஹாரன் அடிச்சார்.

நீங்களும் பார்த்தா, ஒரு டாட்டா காட்டுங்க.