நுழைவுச்சீட்டு இல்லாத மாநாடு

நிரலின் மூலவடிவத்தை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளின் ஆக்குநர்கள், பிரசல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்தில் ஆண்டுதோறும் கூடும் ஃபோஸ்டெம் மாநாட்டுக்குக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது என்பதால், வந்தவர் எத்தனை பேர் என்பதை அமைப்பாளர்களே துல்லியமாகக் கூற இயலாது. இங்கு உரைகளுள் பெரும்பகுதி ‘டெவ்ரூம்’களில், அதாவது ஒரு நிரல்மொழிக்கோ தரவுத்தளத்துக்கோ உரிய சமூகமே பேச்சாளர்களைத் தேர்ந்து நடத்தும் அறைகளில், நிகழ்கிறது. இருக்கைகள் நிரம்பியதும் கதவில் ‘இடமில்லை’ என்ற அறிவிப்பு ஏறிவிடுகிறது. காணொளிகள் பின்னர் இலவசமாக வெளியாகின்றன என்பது பாதி ஆறுதலே. பேச்சாளரைத் தாழ்வாரத்தில் வழிமறித்து ஒரு வழுவைப் பற்றி வாதிடும் நால்வர் எந்தக் காணொளியிலும் இடம்பெறுவதில்லை.

இத்தகைய மாநாடுகளில், ஒரு மென்பொருளின் புதிய பதிப்பின் சிறப்புகளை அடுக்கும் உரைகள் (அவற்றுக்கு வெளியீட்டுக் குறிப்பே போதும்) விரைவில் மறந்துபோகின்றன. மாறாக, ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் ஜேஎஸ் தளத்தை 2009இல் பெர்லின் மாநாடொன்றில் அறிமுகப்படுத்திய ரயன் டால், 2018இல் அதே நகரில், பாதுகாப்பு முதல் தொகுப்புகளைச் சேமிக்கும் கோப்புறை அமைப்பு வரை தம் வடிவமைப்பில் தாம் வருந்துவனவற்றை வரிசைப்படுத்திவிட்டு, மாற்றாக டீனோ என்ற தளத்தை முன்வைத்த உரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.