கண்ணுக்குத் தெரியாத பணியாளர்

தளவாய்புரத்தின் தையல் எந்திரங்கள் எவ்வளவு விரைவாக ஓடினாலும், துணி ஊசியின் கீழ் வந்தால்தான் தையல் விழும். மூலக்கூறு அளவிலான கருவிகளுக்கும் தொட்டால்தான் வேலை.

மூலக்கூறுகளைக் கொண்டே எந்திரங்களை அமைத்த சோவாஜ், ஸ்டாடர்ட், ஃபெரிங்கா ஆகிய மூவருக்கும் 2016-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வெந்திரங்கள் பெரும்பாலும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. ஆனால் அவற்றினும் எளிய நுண்துகள்கள் நம் சமையலறைக்கே வந்துவிட்டன.

பருத்திக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தின் மிச்சம் நீரில் கலப்பதை நாம் அறிவோம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும், குளோரின் அடங்கிய சில சேர்மங்களை வெள்ளி, பொன் நுண்துகள்கள் சிதைப்பதை 2003-இல் வெளியிட்டனர். அவ்வழியில் உருவான வடிகட்டி 2007-இல் வீடுகளுக்கு வந்தது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கராகும். நுண்மையின் வலிமை இதுவே.

பின்னர் அக்குழுவினர் இரும்புச் சேர்மத்தை, இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானுடன் இணைத்து, ஆர்சனிக் நஞ்சை நீக்கும் 'அம்ரித்' முறையை உருவாக்கினர். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது நெறி.

ஆயினும் எல்லைகளை மறத்தலாகாது. பூச்சிமருந்தைப் பிடிக்கும் வெள்ளி, நீரின் உப்பையோ புளோரைடையோ நீக்காது. எனவே முதலில் நீரைச் சோதித்தறிய வேண்டும். ஆர்சனிக்கோ ஒரு தனிமம். அதனை அழிக்க இயலாது, பிடித்துவைக்கத்தான் இயலும். பிடித்த இடம் நிறைந்தபின் வடிகட்டிப் பொருளை மாற்ற வேண்டும். கழித்ததை மீண்டும் மண்ணிலும் நீரிலும் சேராதவாறு காக்க வேண்டும்.

இங்கேதான் மனிதக் கடமை தொடங்குகிறது. கருவியை நிறுவும் நாளில் மாலையும் மேளமும் உண்டு. வடிகட்டிப் பொருளை மாற்ற வேண்டிய நாளை நினைவில் வைப்பவர் எவர்? அதற்கான பணத்தை ஒதுக்குபவர் எவர்? பராமரிப்பில்லாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாததினும் தீயது. ஏனெனில் மக்கள் அதனை நம்பிக் குடிக்கின்றனர். அன்பர்களே, பொதுக்குழாயருகே அத்தகைய கருவி வைக்கும்போது, அடுத்து மாற்ற வேண்டிய நாளையும் பொறுப்பாளர் பெயரையும் அதன்மேல் எழுதிவைப்போம். நுண்துகள் தன் பணியைச் செய்யும். அதற்கு மேற்பட்டது நம் பணி.