வேப்பங்குச்சி

சிறுகதை எழுதத் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பத்திரிகை என் கதையை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியபோது, இனி எழுத வேண்டாம் என்று தீர்மானித்தேன். படிப்பதை மட்டும் விட முடியவில்லை. அப்போது கையில் எடுத்தது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'.

முன்பே படித்த கதைதான். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கதைசொல்லியை மொய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு டைரிகளை இரண்டு பேருக்குக் கொடுக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒருவனான சாரங்கனுக்கு இல்லை. பிறகு அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் சாரங்கன், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். அவர் தனக்குத் தந்த அன்பளிப்பு என்று அதில் எழுதச் சொல்கிறான்.

முதலில் படித்தபோது கண் கலங்கியதோடு சரி. இந்தத் தடவை ஒரு நோட்டில் முழுக் கதையையும் கையால் எழுதிப் பார்த்தேன். கண் தாண்டிப் போகும் இடத்தில் கை நின்றுவிடும். சாரங்கன் முன்பே ஒரு புத்தகம் கேட்கிறான், கிடைப்பதில்லை. குழந்தைகளின் கும்மாளத்துக்கு நடுவே அது வந்துபோகிறது. அந்தப் பையனை நானும் கவனிக்காமல்தான் கடந்திருந்தேன். கதைசொல்லி செய்த தவற்றை வாசகனையும் செய்ய வைத்துவிடுகிறார் அழகிரிசாமி. அதனால்தான் டைரி நீளும்போது நமக்கு அப்படிச் சுடுகிறது.

அன்று எனக்குக் கிடைத்ததைத்தான் ஊக்கம் என்பேன். 'உன்னால் முடியும்' என்று யாரும் சொல்லவில்லை. நான் மலைத்து நின்ற ஒன்றை ஒருவர் எப்படிக் கட்டினார் என்று தெரிந்தது. தெரிந்ததும் நாமும் செய்து பார்க்கலாம் என்று கை பரபரத்தது.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்தான் அழகிரிசாமியின் ஊர். அவருடைய பால்ய நண்பர் கி. ராஜநாராயணனும் அதே ஊர்க்காரர். விவசாயியாக இருந்த கி.ரா. முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். 1970-இல் அழகிரிசாமிக்கு, அவர் மறைந்த பிறகு, சாகித்திய அகாதெமி விருது, 1991-இல் கி.ரா.வுக்கு. ஒரே கரிசல் மண்ணில் பிறந்தும் ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்தைப் போல இல்லை. பிடித்தவரைப் போல எழுத வேண்டியதில்லை என்ற தெம்பு இந்த இருவரையும் சேர்த்துப் படித்ததில் வந்தது.

திரும்பி வந்த கதையை மறுபடி எடுத்தேன். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாய் கம்மலை அடகு வைக்கும் கதை. கடைசி ஒன்றரைப் பக்கம் அவன் அழுது, தாயின் தியாகத்தை விளக்கிக்கொண்டிருந்தான். அதை அப்படியே அடித்தேன். பதிலாக, ஆரம்பத்தில் ஒரு வரி: துளை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா காதில் வேப்பங்குச்சி செருகியிருக்கிறாள். அவன் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அது வந்துபோகிறது. முடிவில் விடுமுறைக்கு வீடு திரும்புகிறான். அம்மா சோறு போடக் குனிகிறாள். காதில் பழைய குச்சி கறுத்துப்போயிருக்கிறது. கதை அங்கே நின்றது.

அது அச்சிலும் வந்தது. ஆனால் ஒன்றரைப் பக்கத்தை அடித்த அந்த இரவில்தான், தொடர்ந்து எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. நோட்டு இன்னும் மேஜையில் இருக்கிறது. எழுத்து ஓடாத நாளில் யாராவது ஒருவரின் கதையை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குவேன்.