பழைய பித்தளைப் பாடுபட்ட சுரூபம்

பழைய கோவில் பீடத்தில் நிற்கும் பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சிலுவையின் முனைகள் மும்மூன்று இதழாக விரிந்திருந்தால் அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அடியில் மூன்று படி இருந்தால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. சிலவற்றில் இயேசுவின் காலடியில் ஒரு மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும் இருக்கும். சின்ன வயதில் எனக்கு அதைப் பார்த்தாலே பயம். அது ஆதாமின் மண்டையோடு; அவரைப் புதைத்த இடத்தில்தான் சிலுவை நடப்பட்டது என்பது பழைய மரபு. முதல் மனிதனின் சாவின் மேல் மீட்பு நிற்கிறது! ஒரு சாண் பித்தளையில் இதைவிட ஆழமாக யார் சொல்லிவிட முடியும்?

ஆணிகளையும் எண்ணிப் பாருங்கள். முற்காலச் சிலுவைகளில் பெரும்பாலும் நான்கு. 13ஆம் நூற்றாண்டில் பாதத்தின் மேல் பாதம் வைத்து ஒரே ஆணி அடிப்பதாகக் காட்டும் வழக்கம் ஐரோப்பாவில் பரவ, மூன்றாயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு பீடங்கள் மாறின. பல சுரூபங்கள் அலமாரிக்குள் போயின, சில பழைய பொருள் கடைக்கே போய்விட்டன. மனசு வலிக்கிறது.

உங்கள் பங்கில் ஒன்று இருந்தால் எடைக்குப் போட விடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பளபளப்பு வரும், ஆண்டவரின் முகம் மழுங்கிப் போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும்.