பதினொரு மணிச் சாப்பாடு

யோயென்சூ, ஃபின்லாந்து

அன்புள்ள மலர்,

குளிரைப் பற்றியும் வகுப்பைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டிருந்தாய். அம்மாவும் போனில் இதைத்தான் கேட்கிறாள். அவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும். நீ சத்துணவுக் கூடம் உள்ள பள்ளியில் பாடம் நடத்துகிறவள். உனக்கு விவரமாகவே எழுத வேண்டும்.

இங்கே மதியச் சாப்பாடு பதினொரு மணிக்கு. பல்கலைக்கழக உணவகத்தில் பத்தரைக்கே வரிசை தொடங்கிவிடும். வீடுகளில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். படுக்கப் போகுமுன் ஒரு ரொட்டித் துண்டும் தயிரும் தேநீரும். நவம்பரில் மூன்றரை மணிக்கு இருட்டிவிடும் ஊரில் இந்தக் கணக்கு உடம்புக்குச் சீக்கிரம் பிடித்துப்போகிறது.

உணவகத்தில் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தால் முதலில் வருவது காய்கறி: துருவிய கேரட், நறுக்கிய முட்டைக்கோஸ், பீட்ரூட். பிறகு அவித்த உருளைக்கிழங்கு. அதற்கும் பிறகுதான் மீன், இறைச்சி, பருப்பு வகைகள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு கிழங்கோ சோறோ, கால் பங்கு புரதம் என்று பள்ளியிலிருந்தே பழக்குகிறார்கள். முதலில் காய்கறியை வைத்தால் பசியோடு வருகிறவன் அதைத்தானே நிறைய அள்ளுவான்! கடைசியில் ரொட்டி, பால், மோர். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் பால் சேர்ந்ததா, குளூட்டன் உண்டா, இறைச்சி உண்டா என்று எழுத்துக் குறிகள் இருக்கும். நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் யாரையும் கேட்டுத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான கேலா ஒவ்வொரு மாணவர் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு பணம் கொடுக்கிறது. அதனால் நம் கையிலிருந்து போவது ஏறக்குறைய 3 யூரோதான். வெளியே ஓட்டலில் இதே சாப்பாடு 10 யூரோவைத் தாண்டும். பேராசிரியரும் இதே வரிசையில் நின்று இதே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். சாப்பிட்டு முடித்தவர் மிச்சத்தைத் தானே வழித்துப் போட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைக்கிறார்.

ருசியைக் கேட்டால், உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ், டில் என்ற சதகுப்பை இலை. அவ்வளவுதான் அஞ்சறைப்பெட்டி. மிளகாயைத் தேடும் நாக்கு முதலில் திகைக்கத்தான் செய்யும். ஆனால் சால்மன் மீன் சூப்பைக் குடித்துப் பார்த்தால் திகைப்பு போய்விடும். உருளைக்கிழங்கு கரையாமல் வெந்திருக்கும். பாலும் கொஞ்சம் கிரீமும் சேர்ந்த நீர்த்த சாறு. மீனை அடுப்பை அணைக்கும் நேரத்தில் போடுவார்கள். அந்தச் சூட்டிலேயே அது வெந்து இதழ் இதழாகப் பிரியும். மேலே கை நிறைய டில் இலை. மீன் நல்ல மீனாக இருக்கிறது என்ற தைரியத்தில் செய்த சமையல் அது. மசாலா போட்டால் அந்த மீன் வீணாகிவிடும் என்று இப்போது நானே சொல்வேன்.

2005-இல் பிரெஞ்சு அதிபர் ஷிராக், ஃபின்லாந்துச் சாப்பாட்டைத்தான் மட்டமானது என்று சொன்னார். அதே ஆண்டில் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் இழித்துப் பேசினார். 2008-இல் ஃபின்லாந்து பீட்சா நிறுவனம் ஒன்று, புகையில் வாட்டிய கலைமான் இறைச்சி போட்ட பீட்சாவுக்கு பெர்லுஸ்கோனியின் பெயரையே வைத்து, நியூயார்க் போட்டியில் பரிசு வாங்கிவிட்டது. இங்கே இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை. எனக்கோ இந்த நாட்டுச் சாப்பாட்டை இழித்துப் பேசுகிறவர்கள் மேல் கோபம்தான் வருகிறது. பசியைப் பார்த்த ஊரின் சாப்பாடு இது. 1866 முதல் 1868 வரை இங்கே கொடும் பஞ்சம். மக்கள்தொகையில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர் பசியாலும் நோயாலும் செத்துப்போனார்கள். பைன் மரத்தின் உள்பட்டையைக் காயவைத்து இடித்து மாவோடு சேர்த்து ரொட்டி சுட்டுத் தின்றிருக்கிறார்கள். விளைச்சல் காலம் சில மாதங்கள்தான். மிச்ச நாளெல்லாம் சேமித்ததை வைத்து ஓட்ட வேண்டும். குளிரைத் தாங்கி விளையும் ரை தானியம், புளித்த மாவு, உப்பிட்ட மீன், பால், கிழங்கு, காட்டுப் பழம் என்று இவர்கள் தட்டில் இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. 2017-இல் நாட்டின் சுதந்திர நூற்றாண்டு விழாவின்போது தேசிய உணவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு மக்கள் தேர்ந்தெடுத்தது ரை ரொட்டியை. கறுத்து, கனத்து, புளித்து இருக்கும். மென்று தின்ன நேரமெடுக்கும். வெண்ணெய் தடவித் தின்றால் நெடுநேரம் பசிக்காது.

நாட்டின் மேற்கில் இந்த ரொட்டியை நடுவில் ஓட்டையோடு வட்டமாகச் சுட்டு, கழியில் கோத்து, உத்தரத்தில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்களாம். நான் இருக்கும் கிழக்கில் அந்த வழக்கம் கிடையாது. இங்கே அந்தக் காலத்தில் வீட்டைச் சூடாக்கியதும் சமைத்ததும் ஒரே பெரிய அடுப்பில். அடிக்கடி மூட்டியதால் அடிக்கடி ரொட்டி சுட முடிந்தது. அந்த அடுப்பை இவர்கள் பயன்படுத்திய விதம் அருமை, மலர். கடும் சூட்டில் பீராக்கா, சூடு தணிந்ததும் ரொட்டி, இன்னும் தணிந்ததும் மண்சட்டியில் இறைச்சி. அது இரவெல்லாம் மெல்ல வெந்துகொண்டிருக்கும். ஒரு முறை எரித்த விறகின் சூட்டில் ஒரு துளியையும் வீணாக்கவில்லை.

பீராக்கா என்றேனே, அதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். எங்கள் விடுதிக்குப் பக்கத்துக் குடியிருப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய அடுக்களையில்தான் பாடம். ரை மாவில் வெறும் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய மெல்லிய உருளையால் தேய்க்கிறார். மேசையின் மரக்கோடு மாவுக்குக் கீழே தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டுமாம். அரிசியைப் பாலில் மெதுவாகக் குழைய வேகவைத்து ஆறவிட்ட கஞ்சி தயாராக இருக்கும். அதை நடுவில் பரப்பி, இரு பக்க ஓரத்தையும் உள்ளே மடித்து, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் கிள்ளிக்கொண்டே போகிறார். தீபாவளிக்கு ஆச்சி சோமாசி ஓரம் மடிப்பாளே, அதே கைவேகம். ஆனால் நடுப்பகுதி மூடாமல் திறந்தே இருக்கும். நல்ல சூட்டில் கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடுகிறது. எடுத்தவுடன் உருக்கிய வெண்ணெய் பூசித் துணியால் மூடி வைத்தால் விறைத்த ஓரம் மெத்தென்று ஆகும். அவித்த முட்டையை வெண்ணெயோடு மசித்து மேலே வைத்துத் தின்ன வேண்டும்.

அந்த அம்மாவின் தாயார் இப்போது ரஷ்யாவில் இருக்கும் கரேலியாவிலிருந்து வந்தவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்த நிலம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்தார்கள். வந்தவர்களை நாடு முழுக்கக் குடியமர்த்தினார்கள். அவர்கள் போன இடமெல்லாம் பீராக்காவும் போயிற்று. இன்று ஃபின்லாந்தின் எந்தக் கடையிலும் அது கிடைக்கும். கடையில் வாங்குவதை அந்த அம்மா தொடமாட்டார். ஒரு முறை தட்டை என் பக்கம் நகர்த்தி "எடுத்துக்கொள்" என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இங்கே யாரும் இன்னொன்று, இன்னொன்று என்று தட்டில் வைப்பதில்லை. பசித்தவர் தானே எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். முதலில் அது உபசாரக் குறைவாகத் தெரியும். உண்மையில் விருந்தாளியைப் பெரிய மனிதராக நடத்தும் முறை அது.

இந்த மாநிலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில், யோயென்சூ இருக்கும் இந்த வட கரேலியாவில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள். உலகிலேயே மிக மோசமான நிலைமை இங்கேதான். வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு, புகையிலை. காய்கறியோ மாட்டுக்கும் முயலுக்கும் என்று நினைத்த காலம். மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற, முப்பது வயதுகூட ஆகாத மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர் வெறும் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 1899 முதல் இயங்கும் மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து, பழைய இறைச்சிக் குழம்பிலேயே காய்கறியைக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்துச் சமைக்கச் சொல்லிக் கொடுத்தார். பால்மாட்டை நம்பியிருந்த விவசாயிகள் சிலர் பழச் செடிகளுக்கு மாறினார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. நான் உணவகத்தில் முதலில் பார்க்கும் அந்தக் கேரட் தட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காட்டைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. இங்கே காடு யாருடையதானாலும் அதில் விளையும் பழத்தையும் காளானையும் யாரும் பறிக்கலாம். சட்டமே அதை அனுமதிக்கிறது. பறித்து விற்ற பணத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆகஸ்டில் முஸ்திக்கா என்ற நீலப் பழம். விரல், உதடு, பல் எல்லாம் ஊதாவாகிவிடும். செப்டம்பரில் புவோலுக்கா என்ற சிவப்புப் பழம். புளிப்பும் லேசான கசப்பும். இதில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் சர்க்கரைகூடச் சேர்க்காமல் தண்ணீரில் போட்டு வைத்தாலே மாதக்கணக்கில் கெடாது. காளானில் ஒன்று, வேகவைக்காமல் தின்றால் ஆளையே கொல்லும். தண்ணீரை மாற்றி இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகு அதையும் ரசித்துச் சாப்பிடுகிறார்கள். நான் அதைத் தொடவில்லை.

பால் சமாசாரம் உனக்குப் பிடிக்கும். பீமா என்ற கெட்டி மோரைப் பெரியவர்கள் சாப்பாட்டோடு டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். கன்று ஈன்ற பசுவின் சீம்பாலில் ஒரு பாலாடைக்கட்டி செய்து நெருப்பில் வாட்டுவார்களாம். இப்போது கடையில் வருவது சாதாரணப் பாலில் செய்தது. கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் கேட்கும். மஞ்சள் நிறக் காட்டுப் பழ ஜாமோடு தருவார்கள். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் அடுப்பில் சுட்ட பான்கேக்கும். வெள்ளிக்கிழமை நோன்பிருந்த கத்தோலிக்கக் காலத்துப் பழக்கம் என்கிறார்கள். நோன்பு போய்விட்டது, சூப்பு இருக்கிறது. சல்மியாக்கி என்று அம்மோனியம் குளோரைடு சேர்த்த கறுப்பு மிட்டாய் ஒன்று உண்டு. குழந்தைகள் உயிரை விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்கும் என்றும் தோன்றவில்லை.

காப்பியை ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கிலோ குடித்துத் தீர்க்கும் நாடு இது. லேசாக வறுத்த கொட்டை, வடிகட்டிய காப்பி, கூடவே புல்லா என்ற இனிப்பு ரொட்டி. அதில் கொரகொரப்பாக இடித்த ஏலக்காய்! போடிக்காரியான எனக்கு, பேக்கரிக் கதவைத் திறந்ததும் ஏலக்காய் ஏலக் கடைகள் இருக்கும் நம் தெரு நினைவுக்கு வந்துவிடும். இன்று உலகச் சந்தைக்குக் குவாத்தமாலாவிலிருந்துதான் ஏலக்காய் அதிகம் வருகிறது. ஆனாலும் வாசனை வாசனைதானே.

இப்போது உனக்காகவே வைத்திருந்த விஷயம். பயிற்சிக்காக ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். ஃபின்லாந்தில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். ஏழை, பணக்காரர் என்று பட்டியல் கிடையாது. போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் சட்டம் போட்டு, 1948 முதல் கட்டாயமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளே பள்ளிக்காகக் கிழங்கு பயிரிட்டு, காட்டில் புவோலுக்கா பறித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இன் சத்துணவு, 2022-இன் காலை உணவு என்று நாமும் அந்த வழியில்தான் நடந்திருக்கிறோம். இதை நான் இங்கே வகுப்பில் சொன்னபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அங்கே நான் பார்த்தது இது. ஏழு வயதுப் பையன் தோலோடு அவித்த உருளைக்கிழங்கை முட்கரண்டியில் குத்திப் பிடித்துக்கொண்டு கத்தியால் தோலைச் சீவுகிறான். எதிரே அவன் வகுப்பு ஆசிரியை. அவர் தட்டிலும் அதே கிழங்கு, அதே மீன், அதே கேரட். அவரும் சீவுகிறார். அவன் அவரைப் பார்த்துப் பார்த்துச் சீவுகிறான். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே ஆசிரியர் வேலையில் ஒரு பகுதி. சாப்பாட்டு வேளையும் பாடவேளைதான் என்று பாடத்திட்டமே சொல்கிறது. உப்புக் குறைந்தால் ஆசிரியருக்குத் தெரியும், கிழங்கு வேகாவிட்டால் தெரியும், எந்தப் பிள்ளை இன்று சாப்பிடவில்லை என்பதும் தெரியும்.

நம் பள்ளிகளில் சாம்பார் சாதத்தை ஒரு வாய் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாம் நம் டிபன் கேரியரோடு ஆசிரியர் அறைக்குப் போய்விடுகிறோம். மலர், வாரத்தில் ஒரு நாளாவது நீ தட்டை எடுத்துக்கொண்டு உன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, அவர்களோடு தரையில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடு.  என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
செல்வி